பல்லால் கேட்டவர்

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. பெங்களூர் கண்டோன்மெண்டை அந்தக் காலத்தில் நாங்கள் தண்டு என்போம். தண்டில் பிளாக்பள்ளிப் பக்கம் குடியிருந்தவர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். தெருவில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். காது சுத்தமாகக் கேட்காது. எதிரே போய் நின்று, வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி, வாயைத் திறந்து பேசினால்தான் உண்டு.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். கமர்ஷியல் தெருவிலிருந்து இறங்குகிற ஒரு சந்தில் இரும்புச் சாமான் கடையில் விற்பனை ஆளாக இருந்தேன். முன்னால் ஆணி, கீல், தாழ்ப்பாள், வாளி. பின்கட்டில் வார்ப்புச் சாமான்கள். அதில் ஒரு கனத்த சட்டி உண்டு. மூன்று குட்டைக் கால், தூக்குவதற்கு வளைந்த கம்பிப் பிடி, மேலே கங்கை அள்ளிப் போட்டால் சரிந்து விழாதபடி ஓரம் எழும்பிய மூடி. துரைமார் அதைக் கேம்ப் ஓவன் என்பார்கள். சமையல்காரர்கள் தம் சட்டி என்பார்கள். வெட்டவெளியில் அடியில் கங்கு, தலையில் கங்கு வைத்து அதற்குள் ரொட்டி சுடலாம், முழுக்கோழியை வாட்டலாம், நாற்பது பேருக்குக் கறி வேகவைக்கலாம்.

அக்காவின் பிழைப்பே வெளிச்சமையல். சர்வே கேம்ப், ஷிகார் வேட்டைக் கேம்ப், ஏரிக்கரைப் பிக்னிக், மிஷன்காரர்களின் கூட்டம் என்று வருஷத்தில் பாதி நாள் மரத்தடியிலேயே இருப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் செருகிய ஒரு மரக்கரண்டி.

அந்தக் கரண்டி எதற்கென்று முதல் நாளே பார்த்தேன். யாரோ இன்ஜினியர் வீட்டுக்குச் சட்டி எடுக்க வந்திருந்தார். நாலு சட்டிகளைக் கல்தரையில் வரிசையாக வைக்கச் சொன்னார். முதலில் மூடியை ஒவ்வொன்றாகப் போட்டு உள்ளங்கையால் சுற்றிப் பார்த்தார். ஆடுகிற மூடியுள்ள ஒன்றை ஒதுக்கினார். சட்டியின் சுவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து விளிம்பு முழுவதும் விரலை நகர்த்திப் பார்த்தார். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு என்றால் சூடு ஒரே மாதிரி ஏறாது என்று இன்னொன்றை ஒதுக்கினார். பிறகு கரண்டியை எடுத்தார். அதன் தலையைச் சட்டியின் விளிம்பில் அழுத்தி, காம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வீட்டுச் சாவியால் சட்டியின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஆகாது" என்றார். அடுத்ததில் தட்டினார். "ஆகாது." கரியெண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்த இரண்டையும் தள்ளிவிட்டு, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றைத் தானே இழுத்து வந்து கடித்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். "இது ஆகும்."

"அது துருவேறிக் கிடக்குதே அக்கா" என்றேன்.

"துரு தேச்சாப் போயிடும் தம்பி. விரிசல் விழுந்த ஊமைச் சத்தம் போகாது."

உள்ளே மேஜையருகே இருந்த முதலாளி யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "செவிட்டுப் பொம்பளைக்கு இன்னா கேக்குதாம்?"

அக்கா அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "காதுதான் போச்சு முதலாளி. கண்ணு இருக்குது" என்றார். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். கோபமா வேடிக்கையா என்று கண்டுபிடிக்க முடியாது.

காது போனது முதல் யுத்தம் முடிந்த சமயத்தில் ஊரையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சலில். புருஷனும் அதில் போய்விட்டார். அதற்குப் பிறகு உதடு பார்க்கப் பழகிக்கொண்டதாகச் சொன்னார். "தமிழ் வாய் தெரியும், கன்னட வாய் தெரியும், சாயபுமாருங்க பேசறதுகூட முக்கால்வாசி தெரியும். துரைங்க வாய் மட்டும் மீசைக்குள்ளே இருக்குது. அது ஆகாது" என்பார். ஆகும், ஆகாது என்ற இரண்டு சொல்லில் உலகத்தையே பிரித்து வைத்திருந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த சட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மெல்ல மெல்ல மற்ற வீட்டுச் சமையல்காரர்களும் அக்காவை அழைத்துக்கொண்டுதான் கடைக்கு வந்தார்கள். அவர் காம்பைக் கடித்துச் சட்டியின் அதிர்வைக் கேட்கும்போது வாடிக்கையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு எந்தச் சத்தமும் இடைஞ்சல் இல்லை என்று தெரிந்தும் யாரும் பேச மாட்டார்கள்.

அந்தக் கரண்டியைச் சட்டியில் மட்டும் வைப்பவர் அல்ல. யார் வீட்டுக்காவது போனால், கதவில் வைத்துக் கடித்துப் பார்த்து உள்ளே ஆள் நடமாடுகிறதா என்று தெரிந்துகொள்வார். கிணற்றடிக் கல்லில் வைப்பார். மாதா கோயில் மணி அடிக்கும்போது மணிக்கூண்டுச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்து, நிறைய பேர் பேசுகிற இடத்தில் ஒரு குரலைத் தேடுகிறவர்போல. அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு கலக்கம் வரும்.

என் மனைவிக்கு ஏழாம் மாதம். இரண்டு நாளாகக் குழந்தை அசையவில்லை என்று பயந்து அழுதுகொண்டிருந்தாள். மருத்துவச்சியைக் கூப்பிடப் போன வழியில் அக்காவைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் கூடவே வந்தார். மனைவியைப் படுக்கச் சொல்லி, கரண்டியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, வயிற்றில் மெதுவாக வைத்துக் கடித்துக்கொண்டார். நான் சுவரோரம் நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். பிறகு கரண்டியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஓடுது. ஜட்கா குதிரை மாதிரி ஓடுது. தூங்கிட்டிருக்கான்னு நெனைக்கிறேன், எழுப்பாதீங்க."

அன்று சாயங்காலம் குழந்தை உதைத்தது. பிறந்தது பெண். அக்காவுக்கு உண்மையிலேயே கேட்டதா, எங்களுக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் ரயிலில் வந்த வார்ப்புச் சரக்கை யாரோ தூக்கிப் போட்டு இறக்கியிருந்தார்கள். ஒரு சட்டியில் விரிசல். அடியிலிருந்து பாதி வயிறு வரை மயிரிழைபோல ஓடியது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அடைச்சு வெச்சிடுப்பா" என்றார்.

அந்த வேலையில் என் கை தேர்ந்த கை. இரும்புத் தூள், நவச்சாரம், கொஞ்சம் கந்தகம். தண்ணீர் விட்டுப் பிசைந்து விரிசலில் அழுத்தி வைத்தால் இரண்டு நாளில் துருவாக இறுகி இரும்போடு இரும்பாகிவிடும். மேலே கல்லால் தேய்த்து, புகைக்கரியும் எண்ணெயும் பூசினால் செய்தவனுக்கே இடம் தெரியாது. உடைந்த குழாய்க்கும் அடுப்புத் தட்டுக்கும் எல்லாக் கடையிலும் செய்வதுதான். சமையல் சட்டிக்குச் செய்யலாமா என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது அக்கா அந்தச் சட்டியில் கரண்டியை வைத்தார். தட்டினார். கண்ணைத் திறந்து சட்டியைப் பார்த்தார். மறுபடி தட்டினார். பிறகு என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் கரி இருந்தது.

"இது யார் வேலை?"

நான் தரையைப் பார்த்தேன். முதலாளி வெளியே போயிருந்தார்.

"இதை யாருக்கும் குடுக்காதே தம்பி."

"குடுக்க மாட்டேன் அக்கா."

தலையசைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார். முதலாளியிடமோ மற்றவர்களிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்தச் சட்டியைப் பின்கட்டில் சாக்குக்குக் கீழே தள்ளி வைத்தேன். உடைத்துப் போட்டிருக்கலாம்.

சமையலின்போது அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நெருப்பு மூட்டுமுன் ஒரு கூடை சாம்பலை எடுத்து அடுப்பைச் சுற்றிப் பத்தடி தள்ளி வட்டமாகக் கோடு போடுவார். அதற்குள் குழந்தைகள் வரக் கூடாது. ஒரு துரைசானியின் மகன் விளையாட்டாகத் தாண்டி வந்தபோது அக்கா அவனை அப்படியே தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். துரைசானி ஏதோ கத்தினாள். அக்கா அந்த வாயைப் பார்க்கவே இல்லை.

லிங்கராஜபுரத்துப் பக்கம் ஒரு மாதா கோயிலின் திருவிழா வந்தது. மாந்தோப்பில் சமையல். கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஆறு தம் சட்டி வேண்டும் என்று சொல்லியிருந்தார். அக்கா வந்து பார்த்து எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் அந்த வாரம் சந்தாபுரா தாண்டி ஒரு சர்வே கேம்பில் அவர் மாட்டிக்கொண்டார். திருவிழா அன்று காலையில் நேராகத் தோப்புக்கு வந்துவிடுவேன், சட்டிகளை அனுப்பி வையுங்கள் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்.

கடையில் அந்த அளவில் நல்ல சட்டி ஐந்துதான் இருந்தது.

"சாக்குக்குக் கீழே ஒண்ணு இருக்குதில்லே" என்றார் முதலாளி.

"அது அக்கா வேணாம்னு தள்ளினது முதலாளி."

"ஒரு நாள் சமையல்ப்பா. ஒரு நாள் தாங்காதா? வேற கடைக்குப் போயிடுவாங்க. ஜல்தி வண்டியில ஏத்து."

ஒரு நாள் தாங்கும் என்று நானும் நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. நான்தான் அதை ஏற்றினேன்.

மறுநாள் காலை சாமான்களைப் பார்த்துக்கொள்ள என்னையும் தோப்புக்கு அனுப்பினார்கள். அக்கா வருவதற்குள் மற்ற சமையல்காரர்கள் அடுப்பை மூட்டிவிட்டார்கள். சாம்பல் கோடு இல்லை. ஆறு சட்டியிலும் எண்ணெயும் கொழுப்புமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டிகளுக்கு எதிரே சரிவில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பெண் குழந்தைகள் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கவுன், தலையில் பூ. பாட்டுப் பாடிக்கொண்டே உரித்தார்கள்.

அக்கா வண்டியிலிருந்து இறங்கியதும் குழந்தைகளைத்தான் பார்த்தார். நடை வேகமானது. உபதேசியார் வணக்கம் சொன்னதைக் கவனிக்கவில்லை. இடுப்பிலிருந்து கரண்டியை எடுத்து முதல் சட்டியின் விளிம்பில் வைத்துக் கடித்தார். இரண்டாவது. மூன்றாவது. முகத்தில் அனல் அடிப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. குழந்தைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆறாவது சட்டியில் நின்றுவிட்டார். எண்ணெய் கொதிக்கிற அதிர்வுக்கு நடுவில் விட்டுவிட்டு ஏதோ சொடுக்கியது என்று பின்னால் சொன்னார். கரண்டியை எடுத்தார்.

"எழுந்திரிங்க! போங்க! போங்க!"

குழந்தைகள் பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். யாரும் எழவில்லை. சட்டி உடைந்தால் எண்ணெய் சரிவில் நேரே அந்தப் பாய்க்குத்தான் போகும். அக்கா சுற்றிலும் பார்த்தார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சட்டியைத் தூக்குகிற நீளக் கொம்பைப் பிடிக்குள் செருகி, ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, மறு நுனியை என் பக்கம் நீட்டினார்.

"பிடி தம்பி."

அந்தச் சட்டியைப் பற்றி அங்கே தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஓரடி பின்னால் வைத்தேன்.

அவர் என்னை இரண்டாம் முறை கேட்கவில்லை. கொம்பைப் போட்டுவிட்டு இரும்புக் கொக்கியை எடுத்துப் பிடியில் மாட்டி, தனியாளாகத் தூக்கினார். எதிர்ப்பக்கம், மேட்டில் இருந்த பழைய சுண்ணாம்புக் குழியை நோக்கி நடந்தார். ஏழெட்டு அடி நடந்திருப்பார். சட்டி வாய் பிளந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. எண்ணெய் அவருடைய இடுப்பிலிருந்து கால்வரை, இரண்டு கையிலும் கொட்டியது.

அக்கா கத்தினார். அவர் குரலில் அதுவரை ஏற்றமோ இறக்கமோ யாரும் கேட்டதில்லை. அன்று அந்தத் தோப்பில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாதவரின் கத்தல் அது. நின்று மூச்சு வாங்கி மறுபடி தொடங்கியது. கோயிலுக்குள் பூசைக்கு நின்றவர்கள் வெளியே ஓடிவந்தார்கள். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒரு குழந்தைமேல்கூட ஒரு துளி படவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பெண்கள் வார்டில் போட்டிருந்தார்கள். என் மனைவி தினமும் கஞ்சி கொண்டு போனாள். நானும் கடை முடிந்ததும் போவேன். போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவர் குழந்தையைப் பற்றிக் கேட்பார், சந்தாபுராவில் அந்த வருஷம் ராகி நன்றாக வந்திருப்பதைச் சொல்வார். கைகள் இரண்டும் துணியால் சுற்றித் தலையணைமேல் கிடக்கும். நான் திரும்பி வந்துவிடுவேன்.

ஒரு நாள் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக. "அந்தச் சட்டியை வண்டியில ஏத்தினது நான்தான் அக்கா. உங்களுக்குக் குடுத்த வாக்கை மீறிட்டேன். நீங்க கொம்பை நீட்டினப்போ தெரிஞ்சேதான் பின்னால போனேன்."

"தெரியும்" என்றார். "நீ எப்போ சொல்லுவேன்னு பார்த்திட்டிருந்தேன். பதினோரு நாள் ஆச்சு உனக்கு."

நான் அழுதேன். அவர் அழவிட்டார்.

"பயந்ததுக்கு உன்னை ஒண்ணும் சொல்லலே. யாரும் பயப்படுவாங்க. ஆனா இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காதே தம்பி. உங்களுக்குக் காது இருக்குது, யார் மறைச்சாலும் எங்கேயோ ஒரு வழியில வந்து விழும். எனக்கு நாலு பேர் வாயைத் திறந்து சொன்னாத்தான் உலகம்."

மறைக்க மாட்டேன் என்று சொன்னேன். அடுத்த நாளே கடை வேலையை விட்டேன். என்ன காரணம் என்று முதலாளி கேட்டார். சொன்னேன். எவனிடமாவது இதை உளறினால் உன் கைதான் மாட்டும் என்றார். அது உண்மை. நான் உபதேசியாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கோயில்காரர்கள் அதற்குப் பிறகு அந்தக் கடைப்படி ஏறவில்லை. வேறு தண்டனை எதுவும் யாருக்கும் வரவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு ஒரு பஞ்சு மில்லில் ஸ்டோர் வேலை கிடைத்தது.

அக்கா தன் மகளைப் பற்றி என்னிடம் பேசியது நான் வாக்குக் கொடுத்து ஒரு வாரம் கழித்து, அதே வார்டில். அவருக்கு ஒரு மகள் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது.

"காது போன மறு வருஷம். நந்தி மலைக்குக் கீழே ஒரு கேம்ப். ஒம்பது வயசு அவளுக்கு. வீட்டுல விட ஆளில்லை, கூட்டிட்டுப் போயிட்டேன். சட்டி நான்தான் எடுத்தேன். காது இருந்தப்போ சுண்டிப் பார்த்து எடுப்பேன். காது போனதும் கண்ணால பார்த்து எடுத்தேன். நல்லா மினுமினுன்னு இருந்துச்சு."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"நான் முதுகைக் காட்டிட்டு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். அவ அடுப்பாண்டே உட்கார்ந்திருந்தா. ஏதோ தோணித் திரும்பினேன். சட்டி ரெண்டாக் கிடக்குது. அவ வாய் திறந்திருக்குது. என்னையே பார்க்குறா. எவ்ளோ நேரமாக் கூப்பிட்டாளோ தெரியலே தம்பி. கூப்பிட்டுக் கூப்பிட்டு நான் திரும்பாம இருந்தேனா, இல்லே அப்போதான் கொட்டிச்சா. சுத்தி இருந்தவங்களைக் கேட்டேன். ஒருத்தரும் சொல்லலே. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. மூணாம் நாள் போயிட்டா."

அந்த வார்டில் சாயங்கால வெயில் கட்டில்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் என் வாயையே பார்த்தார்.

"அதே சூட்டு எண்ணெய்தானே எம்மேலயும் கொட்டிச்சு. நீ அங்கேதான் நின்னே. நான் கத்தினேனா?"

எனக்கு என்ன கேட்கிறார் என்று உடனே புரிந்தது. அவருக்குக் கொடுத்த வாக்குக்கு ஒரு வாரம்தான் வயது.

"இல்ல அக்கா. நீங்க கத்தல."

"நெசமா?"

"நெசமா. வாய் திறந்துச்சு. சத்தம் வரல."

"சத்தமே வரலியா?"

"வரல அக்கா. அந்தச் சூட்டுக்குத் தொண்டை அடைச்சிடும்போல."

அவர் வெகுநேரம் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். "அப்போ அவளும் கூப்பிட்டிருக்க மாட்டா" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். கைவிரல்கள் மடங்கியபடியே ஆறின. சமைக்க முடியாது. கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்து வைத்திருந்தார்கள். அப்போதும் சமையல்காரர்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். வேறு யாராவது கரண்டியை விளிம்பில் அழுத்திப் பிடிக்க, அவர் குனிந்து காம்பைக் கடித்துக்கொள்வார். ஆகும், ஆகாது என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மகளை அழைத்துக்கொண்டு போவோம். ஒரு நாள் நான் வெளியே நின்றபோது தான் கத்தவில்லை என்று நான் சொன்னதை என் மனைவியிடம் அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "நீங்களா அப்படிச் சொன்னீங்க?" அந்தக் கத்தலைப் பற்றி ஊரே பேசியிருந்தது. அவளுக்கும் தெரியும். "ஆமா" என்றேன். அவள் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அந்த ஏழு வருஷமும் ஒரே பயம். தோப்பில் அன்று இருந்தவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவர் அக்காவின் எதிரே நின்று வாயைத் திறந்தால் போதும். ஒரு தடவை நான் இருக்கும்போதே ஒரு பெண் வந்தாள். அன்று முட்டை உரித்த குழந்தைகளில் ஒருத்தி, இப்போது தாவணி போட்ட பெண். கையில் பழம். "அக்கா, அன்னிக்குத் தோப்புல நீங்க..." என்று தொடங்கினாள். நான் எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அந்தப் பெண் திகைத்துப் போய் நிறுத்திவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்று அக்கா என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

நான் திரும்பி, "சௌக்கியமான்னு கேக்குறா" என்றேன்.

அக்கா இறந்த செய்தியை மில்லுக்கு வந்து ஒருவர் சொன்னார். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை எழுதவே கூசுகிறது. இனி யாரும் அவரிடம் சொல்லிவிட முடியாது என்று நினைத்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். நல்ல கூட்டம். மண் போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வந்தபோது அந்தத் தாவணிப் பெண் என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, அன்னிக்கு ஏன் குறுக்கே வந்து நின்னீங்க? நான் நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"நீ வேற ஏதோ சொல்லிடுவேன்னு பயந்துட்டேன்மா."

"கத்தினதையா?" என்றாள். நான் தலையசைத்தேன். "சொல்லியிருக்க மாட்டேன் அண்ணா. அதுக்கு முன்னாடியே 'நான் கத்தினேனா'ன்னு அக்கா எங்கிட்ட கேட்டிருக்காங்க. நான் இல்லேன்னேன். எங்கம்மாகிட்டயும் கேட்டாங்க, அம்மாவும் இல்லேன்னாங்க. உபதேசியார்கிட்ட, வண்டிக்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் கேட்டிருக்காங்க. போன மாசம்கூட எங்க சித்திகிட்ட கேட்டாங்க. ஒருத்தரும் ஆமான்னு சொல்லலே."

அவள் போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். நான் சொன்னதை அக்கா நம்பியிருந்தால் அடுத்தவரிடம் ஏன் கேட்டார்? அன்று அந்த வெயிலில் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தாரே, அதில் என்ன பார்த்தார் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.